நாலு மணிக்காறி

எங்கள் வீட்டுக்குத் தினமும் நாலு மணிக்கு ஒரு வெள்ளைக்காறி வருவாள். திங்கள் முதல் வெள்ளி வரை, மழையோ பனியோ, ஒரு நாளும் பிந்தியதில்லை. கதவைத் தட்டமாட்டாள். சப்பாத்தைக் கழற்றமாட்டாள். குதி உயர்ந்த சப்பாத்தோடு நேரே தன்னுடைய குசினிக்குள் போய் எதையாவது கருக்குவாள். அம்மா எங்களுடைய குசினியில் வெங்காயம் வெட்டியபடி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

அவள் ஒரு நடிகை, வருவது ரீவியில். அமெரிக்காவில் தொலைக்காட்சி வந்த புதிதில் எடுத்த கறுப்பு வெள்ளைச் சிரிப்புத் தொடர் அது. ஐம்பது வருடம் கழித்து ஓர் ஆங்கிலச் சனல் அதைத் தூசி தட்டி மறுபடி போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அப்போது மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில், மூன்றாம் மாடியில் இருந்தோம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து மூன்று நாலு வருடம் இருக்கும். ரீவி எங்களுடையது, அன்ரெனா பக்கத்து வீட்டுக்காரர் விட்டுப்போனது. அதில் ஒழுங்காகத் தெரிந்த ஆங்கிலச் சனல் இது ஒன்றுதான். அதனால் அம்மா அவளைத் தெரிவு செய்தார் என்று சொல்ல முடியாது. காற்றில் அகப்பட்டவள் அவள்.

அவளுடைய பெயர் மூன்று துண்டாக இருந்தது. அம்மாவின் வாயில் ஒரு துண்டும் நிற்கவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் நாலு மணிக்காறி.

கதை எல்லா நாளும் ஒன்றுதான். புருசன் தொப்பியோடு வேலையால் வருவான். அவன் வருவதற்குள் அவள் எதையாவது உடைத்திருப்பாள், எரித்திருப்பாள், இல்லையென்றால் பக்கத்து வீட்டு நாயை அலுமாரிக்குள் ஒளித்திருப்பாள். பின்னால் புகை போகும். அவள் புகையை மறைத்துக்கொண்டு நின்று, ஒரு கையைக் கன்னத்தில் வைத்து, "எவ்றிதிங் இஸ் ஃபைன், டார்லிங்" என்பாள். புருசன் நம்பிவிடுவான். அமெரிக்காக்காரன் இவ்வளவு மொக்கனாய் இருந்துகொண்டு எப்படிச் சந்திரனுக்குப் போனான் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அம்மா படித்த ஆங்கிலம் முழுக்க அவளிடம் படித்தது. அம்மா வேலை செய்த தையல் கொம்பனியில் பிரெஞ்சு பேசினார்கள், கிரேக்கம் பேசினார்கள், மெசினுக்கு மேலால் தமிழ் பேசினார்கள். ஆங்கிலம் பேச ஆள் இல்லை. ஆகவே அம்மாவின் உச்சரிப்பு நல்ல சுத்தம், பாவிக்கிற இடம்தான் கொஞ்சம் பிசகு. டார்லிங் என்றால் தம்பி என்று அவர் நினைத்திருந்தார். பஸ் சாரதிக்கு நன்றியைப் பிரெஞ்சில் வைத்து, "மெர்ஸி, டார்லிங்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். எங்கள் தரிப்பில் அம்மா நின்றால் பஸ் நிற்கும், நான் நின்றால் தெருத் தண்ணியை என் மேல் அடித்துவிட்டுப் போகும்.

ஒருமுறை குசினிக் குழாய் ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரை நனைந்துவிட்டது. வீட்டுக்காரர் ஒரு வயதான இத்தாலியர். வெளிப்படியில் மூன்று மாடியும் ஏறி, மூச்சும் கோபமுமாக வாசலில் வந்து நின்றார். அம்மா கதவைத் திறந்தார். பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையைக் கன்னத்தில் வைத்து அந்த வசனத்தைச் சொன்னார். மனுசன் அம்மாவின் கையைப் பார்த்தார், பின்னால் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். பிறகு படியிலேயே குந்தி இருந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். அன்றைக்கே குழாய் சரி. அதற்குப் பிறகு அம்மாவுக்கு அந்த வசனத்தில் புனித அந்தோனியார் மேல் இருக்கிற அளவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இப்படிப் பழகின ஆளைப் பற்றி விசாரிக்காமல் இருக்க முடியுமா? உண்மையிலேயே கலியாணம் கட்டினவளோ, பிள்ளைகள் எத்தனை, இப்போது எங்கே இருக்கிறாள் என்று அம்மா கேட்கத் தொடங்கினார். கேட்டது என்னை. வீட்டில் படித்தவள் தங்கச்சி. அவளுக்கு மூன்று மொழி தெரியும், மூன்றிலும் என்னை ஏசுவாள். நான் இங்கே வந்து பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுத் தூசணம் மட்டும் சிறப்பாகப் படித்து, பாதியில் விட்டு, டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அம்மா என்னிடம்தான் கேட்டார். தங்கச்சி கதை சொன்னால் உப்பில்லாமல் சொல்லுவாள். நான் சொன்னால் உறைப்பும் இருக்கும்.

லீவு நாளில் லைபிரரிக்குப் போனேன். கொம்பியூட்டருக்கு அரை மணித்தியாலம் தருவார்கள். இரண்டு பக்கம் பிரின்ற் எடுத்து, பஸ்ஸிலேயே வாசித்தேன். வாசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். தெரிந்த சொல்லில் கால் வைத்து, தெரியாத சொல்லைத் தாண்டிப் பாய்ந்து அக்கரை சேர்ந்தேன். நடுவில் ஒரு நீளமான பந்தி, எழுத்துச் சின்னது. அதில் நாலைந்து சொல்லைப் பொறுக்கிக்கொண்டு விட்டுவிட்டேன்.

அம்மாவுக்குச் சொன்னது இதுதான். அவள் பிறந்தது ஒரு சின்ன ஊரில். தகப்பனுக்கு ரயில் பாதையில் வேலை. பதினாறு வயதில் ரேடியோவில் மாவு விளம்பரம் பாடினாள். பிறகு ஒரு பெட்டியோடு நியூயோர்க் போனாள். அந்த நாளில் தொலைக்காட்சியைப் படம் பிடித்து வைப்பதில்லை, நடிக்க நடிக்க நேரே வீடுகளுக்குப் போய்விடும். வசனம் மறந்தால் நாடே பார்க்கும். ஒருநாள் செற்றில் இருந்த அடுப்பின் கதவு கழன்று விழப் பார்த்திருக்கிறது. அவள் அதை இடுப்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டு அந்தக் காட்சி முழுவதும் நடித்து முடித்தாள். அதைப் பார்த்த ஒரு சவர்க்காரக் கொம்பனி முதலாளிதான் இந்தத் தொடருக்கு அவளைப் பிடித்தான். இதை மட்டும் படம் பிடித்து வைத்தார்கள். ஏழு வருடம் கருக்கினாள். பிறகு வயது கூடிவிட்டது என்று கொம்பனி கைவிட்டது.

அம்மாவுக்கு அடுப்புக் கதவு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு தரம் சொல்லச் சொன்னார். இடுப்பு எந்தப் பக்கம் என்றும் கேட்டார். வலது என்றேன். கடதாசியில் அது இல்லை.

நடுப்பந்தியில் பொறுக்கினதையும் சொன்னேன். துப்பறியும் தொடர் ஒன்றில் அவள் பிணமாக நடித்தாளாம், மூச்சு விடாமல். ஒரு விளம்பரத்தில் கோப்பை கழுவினாளாம், என்னைப் போல. பிறகு மார்பில் புற்றுநோய் வந்து ஒப்பரேசன் செய்தார்களாம்.

இனி அந்தக் கடைசி இரண்டு வரி. முதல் வரியில் "பாஸ்ட் எவே பீஸ்ஃபுலி" என்று இருந்தது. பாஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் செய்யாத காரியம் என்பதால் இன்னும் நன்றாகத் தெரியும். அடுத்த வரியில் "சர்வைவ்ட் பை டூ டோட்டர்ஸ்" என்று இருந்தது. சர்வைவ் என்றால் தப்பிப் பிழைப்பது. ஆகவே அம்மாவிடம், அவள் அந்த வருத்தத்தை அமைதியாகப் பாஸ் பண்ணிவிட்டாள், இரண்டு மகள்மாரும் சேர்ந்து அவளைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன்.

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "கத்தி பட்டும் பிழைச்சவளோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெங்காயத்துக்குக் கண் எரிகிறது என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை அம்மா தங்கச்சியிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். ஆஸ்பத்திரிக் கடிதம், பிரெஞ்சில். அம்மாவின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. பரிசோதனை எல்லாம் முடிந்திருந்தது. எங்களுக்குச் சொல்லாமல் கொம்பனியில் கூட வேலை செய்யும் ஓர் அக்காவோடு போய் வந்திருக்கிறார். டொக்டர் வெட்ட வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லியும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கத்தி பட்டால் பரவும் என்று நோர்வேயில் இருக்கிற சின்னம்மா ரெலிபோனில் சொல்லியிருந்தார். அம்மாவுக்கும் அதே பயம். வெட்டின இடத்தோடு ஆள் முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

தங்கச்சி அழுதாள். அம்மா அழவில்லை. "நாலு மணிக்காறிக்கும் இதுதானே. அவள் பிழைச்சவள்தானே. நான் போறன்" என்று சொல்லி ஒப்பரேசனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. டொக்டரால் முடியாததை நான் லைபிரரியை வைத்துச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் என்னுடைய கதைக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது. அம்மா விடவில்லை. அந்தப் பெட்டைகள் தாயை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று கேட்டார். கடதாசியில் அது இல்லாததால் நான் வாயில் வந்ததைச் சொன்னேன். சூப் வைத்துக் கொடுத்தார்கள், உடுப்புத் தோய்த்தார்கள், தங்களுக்குள் சண்டை பிடிக்கவில்லை. சொன்ன அன்றைக்கே உடுப்பு மூட்டை என் தோளில் ஏறியது. மூன்று மாடி இறங்கி, தெருமுனையில் காசு போட்டுத் தோய்க்கும் கடைக்குப் போக வேண்டும். மறுநாள் நிலம் துடைத்தேன். அதற்கு மறுநாள் சூப். முகத்தைச் சுளித்தால் போதும், அம்மா குசினியில் இருந்து, "அதுகள்தான் பெத்த பிள்ளையள்" என்பார். ஒருநாளும் கண்டிராத இரண்டு அமெரிக்கப் பெண்களை நான் அந்த நாட்களில் வெறுத்ததுபோல வேறு யாரையும் வெறுத்ததில்லை.

ஒப்பரேசனுக்கு நாலு நாள் இருக்கும்போது தங்கச்சி அந்தக் கடதாசியைக் கண்டாள். மேலே ஒரு பார்வை, கடைசியில் ஒரு பார்வை. என்னைக் குளியலறைக்குள் இழுத்துப்போய்த் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"அண்ணா, பேருக்குக் கீழை ரெண்டு வருசம் கிடக்கு, நடுவிலை கோடு. அது என்ன எண்டு நினைச்சனீ?"

"அவள் நடிச்ச காலம்."

"செத்தவைக்குத்தான் அப்பிடிப் போடுறது. பாஸ்ட் எவே எண்டா செத்துப்போனா. சர்வைவ்ட் பை எண்டா ஆரை விட்டிட்டுப் போனவ எண்டு. இப்ப விளங்குது, நீ ஏன் ஒரு சோதினையும் பாஸ் பண்ணேல்லை எண்டு."

சொல்லிவிட்டு அவளே குந்தி இருந்து அழத் தொடங்கினாள். அழுகை வந்தால் அவளுக்கு மூன்று மொழியும் ஓடிவிடும். மிச்சத்தை வாசிக்கவே இல்லை. நான் அந்த இரண்டு வருசத்தையும் மறுபடி பார்த்தேன். நாலு மணிக்காறி நாங்கள் கனடாவுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டாள். தினமும் எங்கள் வீட்டில் வந்து கருக்கினது ஒரு செத்த மனுசி.

ஒப்பரேசன் முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்தோம். கடதாசியை அரிசி மூட்டைக்குக் கீழே வைத்தேன். பொய் சொல்வது எனக்குக் கோப்பை கழுவுவது மாதிரி, கை தானாக ஓடும். தங்கச்சிக்கு அது வராது. மூன்று நாளும் அம்மாவைக் கண்டால் அலுமாரியைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் வேதக்காரர். பின்னேரம் ஏழு மணிக்குச் செபமாலை சொல்வோம். கடைசியில் அம்மாவின் இரண்டு பட்டியல் வரும். முதலாவது உயிரோடு இருப்பவர்களுக்காக. இரண்டாவது மரித்த ஆன்மாக்களுக்காக. நாலு மணிக்காறி முதலாவதில் இருந்தாள், சின்னம்மாவின் முழங்காலுக்கும் அப்பாவின் லொறிக்கும் நடுவில். அப்பா ரொறொன்ரோப் பக்கம் லொறி ஓடினார், வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் செபம் சொல்கிற முறை தங்கச்சிக்கு. சின்னம்மாவின் முழங்காலைச் சொன்னாள். நேரே அப்பாவின் லொறிக்குப் பாய்ந்தாள்.

"நாலு மணிக்காறியை விட்டிட்டாய், பிள்ளை" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

கையில் செபமாலை இருக்கும்போது தங்கச்சியால் பொய் சொல்ல ஏலாது. இரண்டாவது பட்டியலுக்குப் போனாள். அப்பப்பா, பெரிய மாமா, ஊரில் செத்த அயலவர்கள். அதற்குப் பிறகு, தொண்டைக்குள்ளேயே, "நாலு மணிக்காறிக்காகவும்" என்றாள்.

அம்மா கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எப்ப?"

"நாங்கள் இஞ்சை வாறதுக்கு முதலே, அம்மா."

"அப்ப நீ வாசிச்சது?"

"பிழையா வாசிச்சிட்டன்."

ஆஸ்பத்திரிக்கு என்று கட்டி வைத்த பை வாசலடியில் இருந்தது. அம்மா எழும்பிப் போய் அதைத் தூக்கி, அறைக்குள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தார். நாளைக்கு வரவில்லை என்று ரெலிபோன் எடுத்துச் சொல்லச் சொன்னார். குரலில் கோபம் இருந்தால் பரவாயில்லை. இல்லை. சாமான் வாங்கப் போகவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். பகிடி விடுகிறவன் என்று பெயர் எடுத்தவன் நான், ஒரு பகிடியும் வரவில்லை.

தங்கச்சி டொக்டர் சொன்னதெல்லாம் சொன்னாள். கட்டி சின்னது, நேரத்தோடு கண்டுபிடித்தது என்றாள். அம்மா கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு என்னிடம், "அந்தக் கடுதாசியைக் கொண்டா" என்றார். அரிசி மூட்டையைத் தூக்கி எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தங்கச்சியிடம் நீட்டினார். "நீ வாசி. ஒரு சொல்லும் விடாதை. உவன் வாய் திறக்கப்படாது."

தங்கச்சி வாசித்தாள். ரயில் பாதை, மாவு விளம்பரம், அடுப்புக் கதவு. நான் சொன்னது அவ்வளவு பிழையில்லை. ஆனால் அடுப்பை முட்டுக்கொடுத்தது முழங்காலாலாம், இடுப்பால் இல்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தச் சின்ன எழுத்துப் பந்தி வந்தது. தொடர் முடிந்த அடுத்த வருடம், நாற்பத்து நாலு வயதில், அவளுக்கு ஒப்பரேசன் நடந்தது. ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். பிறகு மறுபடி நடிக்கப் போனாள்.

"நில்லு" என்றார் அம்மா. "அந்தப் பிணமா நடிச்சது?"

தங்கச்சி விரலால் வரியைத் தேடினாள். "அதுக்குப் பிறகு, அம்மா."

"கோப்பை கழுவினது?"

"அதுக்கும் பிறகு."

"போனது?"

"எழுபத்தெட்டு வயசிலை. நித்திரையிலை."

அம்மா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். தையல் கொம்பனியில் துண்டு எண்ணுகிறவரின் விரல், வேகமாக ஓடியது. வெட்டின பிறகு முப்பத்து நாலு வருடம். இன்னொரு தரம் எண்ணினார். அப்போதும் முப்பத்து நாலு.

"அப்ப பிணமாக் கிடக்கேக்கை ஆள் நல்ல சுகமா இருந்திருக்கிறாள்" என்றார்.

முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தங்கச்சி ஓடிப்போய்ப் பிடித்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். செபமாலை இன்னும் முடியவில்லை, மெழுகுதிரி எரிகிறது, அம்மா வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். தங்கச்சி நியாயமான பிள்ளை. எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று இல்லை என்று அந்த நேரத்திலும் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "அவளின்ரை வயசு எனக்கு வேண்டாம். வெட்டின அடுத்த நாள் ஆள் இருக்கோ எண்டுதான் பாத்தனான்."

பிறகு போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலடியில் வைத்தார். என்னைப் பார்த்து, "டேய் மொழிபெயர்ப்பாளர், விடிய டாக்சிக்கு நீ சொல்லாதை. தங்கச்சி சொல்லட்டும். நீ சொன்னா விமான நிலையத்திலை கொண்டுபோய் இறக்குவான்" என்றார்.

ஒப்பரேசன் காலையில் நடந்தது. எங்களை உள்ளே விட்டபோது மூன்று மணி தாண்டிவிட்டது. மயக்கம் அரைவாசி தெளிந்திருந்தது. டொக்டர் ஓர் இளம் கியூபெக்காரர், கன்னம் சிவந்த ஆள். குனிந்து, இருக்கிற ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். அம்மா ஊசி ஏற்றாத கையை மெதுவாகத் தூக்கிக் கன்னத்தில் வைத்தார்.

"எவ்றிதிங் இஸ் ஃபைன், டார்லிங்."

டொக்டரின் கன்னம் காது வரைக்கும் சிவந்தது. நான் பயந்துபோய் அம்மாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்த வசனம் வந்தால் பின்னால் எங்கேயோ புகை போகிறது என்று அர்த்தம். தலையணை மட்டும்தான் இருந்தது.

அடுத்ததாக அம்மா கேட்டது மணி எத்தனை என்று. நாலுக்கு இன்னும் பத்து நிமிடம் என்றேன். அந்த அறையில் இருந்த ரீவியில் பிரெஞ்சில் ஒருவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் எப்பவோ செத்துப்போனவள்தானே, இன்றைக்கு விடுங்கோ என்று தங்கச்சி சொல்லிப் பார்த்தாள். செத்தாலும் நேரத்துக்கு வருகிறாள்தானே என்றார் அம்மா. நான் கதிரையில் ஏறி நின்று ஒவ்வொரு சனலாக மாற்றினேன். நேர்ஸ் வந்து திட்டத் தொடங்கி, பிறகு தானும் நின்று பார்த்தாள். அன்றைக்கு நாலு மணிக்காறி பூசணிக்காய்ப் பணியாரம் ஒன்றைக் கருக்கினாள்.

பட்டியலை அம்மா வீட்டுக்கு வந்த முதல் கிழமையே திருத்தினார். நாலு மணிக்காறி இரண்டாவது பட்டியலுக்குப் போனாள். அப்பப்பாவுக்கு அடுத்த இடம். அப்பப்பா வெள்ளைக்காரரோடு ஒருநாளும் ஒத்துப்போகாத மனுசன், அங்கே என்ன பாடோ தெரியாது. முதலாவது பட்டியலில் அவள் இருந்த இடம் காலியாக இருக்கும் என்று நினைத்தேன். அம்மா அதையும் விடவில்லை. அந்த இரண்டு மகள்மாரையும் அதில் போட்டார். பெயர் தெரியாததால் "அவள் விட்டிட்டுப் போன ரெண்டு பெட்டையளும்" என்றே சொல்கிறார், இன்றைக்கும்.

அமெரிக்காவில் எங்கேயோ இரண்டு கிழவிகள் தங்களுக்காக மொன்றியலில் செபம் நடப்பது தெரியாமல் இருக்கிறார்கள். என்னுடைய பெயர் அவர்களுக்குப் பிறகு வருகிறது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அதுகள் உடுப்புத் தோய்க்க முகம் சுளிச்சதில்லையாம்.